கிளிப் போட்ட பல்லில் வெள்ளைத் திட்டு: தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்குப் பல் கிளிப் போட்டிருக்கும் பெற்றோரும், வேலைக்குப் போகும் வயதில் கம்பி போட்டுக்கொண்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றரை இரண்டு ஆண்டு பொறுத்திருந்து, செலவும் செய்து, கம்பியைக் கழற்றும் நாளில் வரிசையாக நிற்கும் பற்களின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளைப் பார்ப்பது பெரிய வேதனை. இதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. தவிர்க்க முடியாமல் வந்துவிட்டாலும், ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் நிறுத்தக்கூடியது. அதனால்தான் கண்டுபிடிக்கும் வழியைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த வெள்ளைத் திட்டு என்ன? சொத்தையா?

சொத்தைதான், அதன் முதல் கட்டம். குழி விழுந்தால்தான் சொத்தை என்று நாம் நினைக்கிறோம். குழி என்பது வெகுநாள் நடந்த ஒன்றின் முடிவு.

பல்லின் கடினமான வெளி ஓடான எனாமலின் எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள்: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள். பல்லில் படியும் படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. படலத்துக்குள் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் படிகங்கள் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இது எல்லோருடைய வாயிலும் நாள்தோறும் நடப்பது. கரைவது மிஞ்சி, சேர்வது குறைந்துகொண்டே போனால் திட்டு தோன்றுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாது அதிகமாக இழக்கப்படுவது மேற்பரப்புக்குச் சற்று அடியில். மேலே ஒரு மெல்லிய அடுக்கு பெரும்பாலும் அப்படியே நிற்க, அதன் கீழே எனாமல் நுண்துளைகளாகிறது. அந்த மேலடுக்கு உடையாமல் இருக்கும்வரை பாதிப்பை நிறுத்தலாம், ஓரளவு திருப்பவும் செய்யலாம். அது உடைந்து குழி விழுந்துவிட்டால் சிமென்ட் வைத்து அடைப்பதைத் தவிர வழி இல்லை.

கம்பி போட்டவர்களுக்கு ஏன் அதிகம் வருகிறது? கம்பியே எனாமலை அரிக்கிறதா?

கம்பி எதையும் அரிப்பதில்லை. அது படலம் தங்க இடம் கொடுக்கிறது. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டான பிராக்கெட்டைச் சுற்றி, கம்பிக்கு அடியில், ரப்பர் வளையத்தின் ஓரத்தில், ஒட்டும் பசை கொஞ்சம் வெளியே பிதுங்கி நிற்கும் சொரசொரப்பில் உணவும் பாக்டீரியாவும் சேர்கின்றன. நாக்கும் உதடும் வழக்கமாகத் துடைத்துக்கொண்டு போகும் பரப்பு இப்போது அவற்றுக்கு எட்டுவதில்லை. எச்சில் வந்து கழுவுவதும் குறைகிறது. கம்பி போட்ட பிறகு வாயில் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையும் கூடுகிறது.

பிராக்கெட் ஒட்டும்போது பல்லில் அமிலம் பூசுகிறார்களே, அதுதான் காரணமோ?

இல்லை. ஒட்டுவதற்கு முன் பாஸ்பாரிக் அமிலம் சில வினாடிகள் பூசுவது உண்மை. அது மேற்பரப்பில் சுமார் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவைத் தொடும். பசை பிடித்துக்கொள்ள அது தேவை. பசை படாமல் விட்டுப்போன இடத்தை எச்சில் தானாகவே ஈடுசெய்துவிடும். அந்த ஒரு முறை அமிலத்தைவிட, மாதக்கணக்கில் பிராக்கெட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் படலத்தின் அமிலமே ஆபத்து.

கம்பி போட்டு எவ்வளவு நாளில் வரும்?

நான்கு வாரம் போதும். இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. நார்வேயின் ஓகார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சீரமைப்புக்காக எப்படியும் பிடுங்கப்படவிருந்த பற்களில் படலம் தேங்கும்படியாக பேண்ட் (பல்லைச் சுற்றிப் போடும் உலோக வளையம்) மாட்டிவைத்தார்கள். நான்கே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் திட்டு வந்திருந்தது.

இரண்டு விசிட்டுகளுக்கு இடையே பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரம் இருக்கும். ஒரு விசிட்டில் ஒன்றுமே இல்லாத பல்லில் அடுத்த விசிட்டுக்குள் திட்டு வர முடியும் என்பது இதன் பொருள். ஆகவே "போன தடவை பார்த்தோமே" என்று எந்த விசிட்டிலும் விட்டுவிடக் கூடாது.

எல்லோருக்கும் வருமா?

கண்ணால் பார்த்துக் கணக்கெடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. 1982இல் கோரெலிக், கெய்கர், க்வின்னெட் ஆகிய மூவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கம்பி போட்டவர்களில் சுமார் 50 விழுக்காட்டினருக்கு ஒரு பல்லிலாவது திட்டு இருந்தது. 2005இல் நெதர்லாந்தில் கம்பி கழற்றியவர்களை ஒளிர்வுக் கருவியால் பார்த்தபோது 97 விழுக்காட்டினரிடம் ஏதாவது ஒரு இடத்தில் தாது இழப்பு தெரிந்தது. இரண்டாவது எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அவற்றில் பல, கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒன்றைச் சொல்கிறது: சாதாரணமாகப் பார்த்தால் தெரிவதைவிடப் பாதிப்பு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

எந்தப் பல்லில், எந்த இடத்தில் தேட வேண்டும்?

மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்கும் சிறிய பற்கள் முதலில். அங்கே பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே பல்லின் பரப்பு குறுகியது. பிரஷ் நுழைவது கடினம். அடுத்து கோரைப்பற்கள், பிறகு கீழ்வரிசைக் கோரைப்பல்லும் அதன் பின்னால் இருப்பவையும். பேண்ட் மாட்டிய கடைவாய்ப் பற்களில் பேண்டின் ஓரம், சிமென்ட் கரைந்த இடம்.

ஒவ்வொரு பல்லிலும் பிராக்கெட்டின் ஈறுப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திட்டு பெரும்பாலும் அரைவட்டமாக பிராக்கெட்டைத் தழுவியோ, ஈறை ஒட்டிய கோடாகவோ வரும்.

கீழ்ப் பற்களின் உள்பக்கம் கிட்டத்தட்ட தப்பித்துவிடுகிறது. நாக்குக்கு அடியில் எச்சில் சுரந்து அங்கே எப்போதும் ஊறிக்கொண்டிருப்பதே காரணம். மேல் முன்பற்களின் வெளிப்பக்கத்துக்கு எச்சில் மிகக் குறைவாகவே போகிறது. நாம் சிரித்தால் தெரியும் அதே இடம்தான் அது என்பது நம் துரதிர்ஷ்டம்.

மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? பெரிய கருவி வேண்டுமா?

வேண்டாம். சுத்தமான பல், நல்ல வெளிச்சம், காற்று ஊதும் குழாய், ஐந்து வினாடி. எல்லாப் பல் நாற்காலியிலும் காற்றுக் குழாய் இருக்கிறது. இருந்தும் இந்த ஐந்து வினாடி பல இடங்களில் செலவிடப்படுவதில்லை என்பதே என் ஆதங்கம்.

காற்று ஊதினால் ஏன் தெரிகிறது என்று புரிந்துகொண்டால் நீங்களே கேட்டு வாங்குவீர்கள். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்வது ஒளிவிலகல் எண். நல்ல எனாமலுக்கு அது சுமார் 1.62. தண்ணீருக்கு 1.33. காற்றுக்கு 1. பாதிப்படைந்த எனாமலின் நுண்துளைகளில் எச்சில் நிறைந்திருக்கும்போது, துளைக்கும் சுற்றியுள்ள படிகத்துக்கும் வேறுபாடு அவ்வளவு பெரிதில்லை. ஒளி பெரும்பாலும் உள்ளே போய்விடும், திட்டு மறைந்தே இருக்கும். காற்று ஊதி உலர்த்தினால் துளைகளில் காற்று புகுகிறது. வேறுபாடு பெருகி ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. அந்த இடம் பளீரென்று வெண்மையாகிறது. நனைந்த வேட்டி உடலைக் காட்டுவதும், காய்ந்தால் மறைப்பதும் இதே காரணத்தால்தான்.

இதிலிருந்து பாதிப்பின் ஆழத்தையும் ஊகிக்கலாம். உலர்த்திய பிறகு மட்டும் தெரிந்தால் ஆரம்ப நிலை. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் கூடுதலாகக் கரைந்துவிட்டது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஐசிடாஸ் என்ற குறியீட்டு முறை இதையேதான் எண்ணாக்குகிறது: ஐந்து வினாடி உலர்த்தினால் மட்டும் தெரிவது 1, ஈரத்திலேயே தெரிவது 2, எனாமலின் மேற்பரப்பு உடைந்திருந்தால் 3. அதற்கு மேலே 6 வரை போகும்.

உலர்த்துவதற்கு முன் படலத்தை அகற்ற வேண்டும். அழுக்குப் படிந்த பல்லில் காற்று ஊதிப் பயன் இல்லை. கம்பியைக் கழற்றி மாற்றும் விசிட்டில், பழைய கம்பி வெளியே இருக்கும் அந்தச் சில நிமிடம்தான் இதற்குப் பொருத்தமான நேரம்.

கூர்மையான ஊசியால் குத்திப் பார்ப்பார்களே?

வெள்ளைத் திட்டைக் கூர்முனையால் அழுத்திப் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன அந்த மெல்லிய மேலடுக்கைக் குத்தி உடைத்தால், திருப்பக்கூடிய பாதிப்பு அந்த நிமிடமே குழியாகிவிடும். சொரசொரப்பா வழவழப்பா என்று அறிய, முனையில் சிறு உருண்டை உள்ள கருவியை அழுத்தாமல் மெதுவாக மேலே நகர்த்தினால் போதும்.

எக்ஸ்ரேயில் தெரியாதா?

தெரியாது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் தாதுவில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு போயிருக்க வேண்டும். அதோடு இந்தத் திட்டு பல்லின் வெளிப்பரப்பில் இருக்கிறது. படத்தில் முழுப் பல்லும் பிராக்கெட்டும் அதன்மேல் விழுந்து மறைத்துவிடும். இரண்டு பற்களுக்கு நடுவே வரும் சொத்தைக்குத்தான் எக்ஸ்ரே உதவும்.

லேசர் கருவி, ஒளிரும் கேமரா என்று சொல்கிறார்கள். அவை தேவையா?

பயன் உண்டு, ஆனால் எதற்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஊதாவை ஒட்டிய நீல ஒளியைப் பாய்ச்சினால் நல்ல எனாமல் பச்சையாக ஒளிரும். தாது இழந்த இடம் கருத்துத் தெரியும். முதிர்ந்த படலம் இருக்கும் இடம் சிவப்பாகக் காட்டும். எவ்வளவு கருத்திருக்கிறது என்று எண்ணால் அளந்து, அடுத்த விசிட்டில் அதே பல்லோடு ஒப்பிடலாம். கம்பி போட்ட பல்லின் ஆரம்பப் பாதிப்புக்கு நான் மதிப்பது இந்த முறையைத்தான். இதில் இன்னொரு நன்மை, பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் பல்லில் சிவப்பாக ஒளிரும் படலத்தைக் காட்டினால் பத்து முறை அறிவுரை சொன்னதற்கு மேல் பலன் கிடைக்கிறது.

655 நானோமீட்டர் சிவப்பு லேசரில் இயங்கும் டயக்னோடென்ட் 0 முதல் 99 வரை எண் காட்டும். அது உணர்வது பெரும்பாலும் பாக்டீரியா விட்டுச்செல்லும் பொருள்களை. ஆகவே ஆழமான சொத்தைக்கு அது நன்றாக வேலை செய்கிறது. தாது மட்டும் இழந்த ஆரம்பத் திட்டை அவ்வளவு நம்பகமாகக் காட்டாது. காறை, கறை, பிராக்கெட்டின் பசை எல்லாம் எண்ணை ஏற்றிவிடும்.

புதிய வாய் ஸ்கேனர்கள் சிலவற்றில் ஒளிர்வும் அகச்சிவப்பும் சேர்ந்து வருகின்றன. வாய்ப்பிருந்தால் நல்லது. இவை எதுவும் இல்லாத கிளினிக் என்பதற்காக மருத்துவரை மாற்ற வேண்டியதில்லை. பல்லைச் சுத்தம் செய்து, உலர்த்தி, பொறுமையாகப் பார்க்கும் கண்ணுக்கு இவை துணைதான்.

வீட்டில் நாங்களே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். இரவு நன்றாகப் பல் துலக்கிய பிறகு, ஜன்னல் வெளிச்சமோ டார்ச் வெளிச்சமோ பல்லில் சாய்வாக விழும்படி நின்று, உதட்டைத் தூக்கி, சுத்தமான துணியால் பல்லை ஒற்றி, வாயைத் திறந்தபடி சற்று நேரம் உலரவிட்டுப் பாருங்கள். ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பளபளப்பு மங்கி, வெளிறிய வெண்மை தெரிகிறதா என்று கவனியுங்கள். நாக்கு நுனியால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா?

திட்டைவிட முன்னதாகவே உங்களுக்குத் தெரியக்கூடிய அடையாளம் ஈறு. பிரஷ் பட்டால் இரத்தம் வருகிறது, ஈறு சிவந்து தடித்து பிராக்கெட்டின் மேலேறி நிற்கிறது என்றால் அந்த இடத்தில் படலம் பல நாளாகத் தங்கியிருக்கிறது. வீங்கிய ஈறு இன்னொரு கெடுதலும் செய்யும்: எந்த இடத்தில் திட்டு வருமோ அதே இடத்தை மூடி மறைத்துவிடும். கம்பி கழற்றி ஈறு வற்றிய பிறகு திடீரென்று வெள்ளைக் கோடு வெளியே வருவது இப்படித்தான்.

கம்பி போடுவதற்கு முன் ஃபோட்டோ எடுப்பது எதற்கு?

இதற்காகவும்தான். முன்பிருந்த திட்டா, பின்னால் வந்ததா என்ற கேள்விக்கு வேறு எந்தச் சான்றும் கிடையாது. ஒவ்வொரு விசிட்டிலும் முடியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே கோணத்தில், பல்லை உலர்த்தி எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ளாஷ் வெளிச்சம் பல்லில் பட்டு வெள்ளையாகத் தெறிப்பதைத் திட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவர்கள் சிலர் துருவமுனைப்பு வடிகட்டி பொருத்தி அந்தத் தெறிப்பை நீக்கி எடுக்கிறார்கள். வீட்டில் ஃபோனில் எடுத்தாலும் பரவாயில்லை, எப்போதும் ஒரே இடம், ஒரே வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே பல்லில் வெள்ளையும் பழுப்புமாக இருக்கிறது. எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் கேள்வி தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களிடமிருந்து வரும்போது தனிக் கவனம் தேவை. அங்கே நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அளவுக்கு மீறி இருப்பது நெடுநாள் பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே, ஃபுளூரைடு மிகுதியால் வரும் ஃபுளூரோசிஸ் என்ற பாதிப்பைக் குறைப்பது ஒரு முக்கியக் காரணம். எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பல்லில் வரும் அடையாளம் வேறு. இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மெல்லிய குறுக்குக் கோடுகளாகவோ மேகம் படர்ந்ததுபோலவோ பல்லின் பெரும்பரப்பில் பரவியிருக்கும். ஓரங்கள் தெளிவாக இருக்காது. பல் முளைக்கும்போதே இருக்கும்.

கம்பியால் வந்த திட்டு பிராக்கெட்டின் வடிவத்தையும் ஈறின் விளிம்பையும் பின்பற்றும். ஒரே ஒரு முன்பல்லின் நடுவில் மட்டும் தெளிவான ஓரத்தோடு வெள்ளைப் பொட்டு இருந்தால், சிறு வயதில் பால்பல்லில் அடிபட்டது காரணமாக இருக்கலாம்.

ஃபுளூரோசிஸ் உள்ள பல்லில் புதிதாக வரும் திட்டைக் கண்டுபிடிப்பது அனுபவமுள்ளவருக்கே சிரமம். இவர்களுக்கு முன் எடுத்த ஃபோட்டோ கட்டாயம்.

திட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அது வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியுமா?

மங்கலாக, பளபளப்பில்லாமல், தொட்டால் சொரசொரப்பாக, ஈறை ஒட்டி, மேலே படலமும் இருந்தால் வளர்ந்துகொண்டிருக்கிறது. வழவழப்பாக, மினுமினுப்பாக, ஈறிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் பெரும்பாலும் நின்றுவிட்டது. நின்றுபோன திட்டு சில நேரம் பழுப்பாகவும் மாறும். பார்க்க அழகில்லாவிட்டாலும் அது ஆபத்து குறைந்தது. ஒரு முறை பார்த்து முடிவு சொல்வதைவிட இரண்டு விசிட்டுகளை ஒப்பிட்டுச் சொல்வதே சரி.

கம்பி போட்டிருக்கும்போதே கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள்?

முதலில் படலம் தங்கும் காரணத்தைத் தேடுவார்கள். பிதுங்கிய பசையைச் சீவுவது, தளர்ந்த பேண்டைக் கழற்றி மறுபடி ஒட்டுவது, ஈறை நெருக்கும் கொக்கியை மாற்றுவது, ரப்பர் வளையத்துக்குப் பதிலாக மெல்லிய கம்பியால் கட்டுவது என்று சின்னச் சின்ன வேலைகள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், பலன் பெரிது.

பிறகு ஃபுளூரைடு. எச்சிலில் சிறிதளவு ஃபுளூரைடு எப்போதும் இருந்தால், இழந்த தாது திரும்பச் சேரும்போது முன்பைவிட அமிலத்தைத் தாங்கும் படிகமாகச் சேர்கிறது. கிளினிக்கில் பூசும் 5 விழுக்காடு சோடியம் ஃபுளூரைடு வார்னிஷில் 22,600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளூரைடு இருக்கிறது, திட்டு உள்ள பல்லில் ஒரு சொட்டு தடவினால் போதும். 2007இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், வேறொரு வகை ஃபுளூரைடு வார்னிஷை விசிட் தோறும், அதாவது சுமார் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, பூசிய பிள்ளைகளில் 7.4 விழுக்காட்டினருக்குப் புதுத் திட்டு வந்தது. ஃபுளூரைடு இல்லாத போலி வார்னிஷ் பூசியவர்களில் 25.3 விழுக்காட்டினருக்கு. பின்னால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டவர்கள் சான்று இன்னும் வலுப்பட வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனாலும் எளிது, செலவு குறைவு, கெடுதல் மிகக் குறைவு என்பதால் திட்டு வர வாய்ப்புள்ள ஒவ்வொருவருக்கும் இதைக் கேட்டுப் பூசிக்கொள்ளச் சொல்வேன்.

அடுத்த விசிட்டை எட்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குச் சுருக்குவதும் சிகிச்சைதான்.

எந்தப் பற்பசை? மவுத்வாஷ் வேண்டுமா?

ஃபுளூரைடு உள்ள பற்பசை. மூலிகைப் பசை என்று வாங்கும் பலவற்றில் ஃபுளூரைடு கிடையாது. கம்பி போட்டிருக்கும் காலத்தில் அதை ஒதுக்கிவையுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். இந்தியாவில் விதிப்படி பற்பசையில் ஃபுளூரைடு 1000 பி.பி.எம்.-க்கு மிகக் கூடாது. டியூபிலும் அட்டையிலும் அளவைப் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். துலக்கியதும் எச்சிலைத் துப்புங்கள், வாய் நிறையத் தண்ணீர் விட்டு அலசாதீர்கள். பசையின் ஃபுளூரைடு பல்லில் தங்க வேண்டும்.

0.05 விழுக்காடு சோடியம் ஃபுளூரைடு மவுத்வாஷ் தினம் ஒரு முறை நல்லது. துலக்கியவுடன் அல்லாமல், பள்ளி விட்டு வந்ததும் என்பதுபோல் வேறொரு நேரத்தில் கொப்பளித்தால் பல்லுக்கு இன்னொரு முறை ஃபுளூரைடு கிடைக்கும். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. 5000 பி.பி.எம். பற்பசை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

என்ன சாப்பிடக் கூடாது?

ஒட்டும் மிட்டாய், கடலை மிட்டாய், கடினமான முறுக்கு இவை பிராக்கெட்டைப் பெயர்க்கும் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எனாமலுக்கு அதைவிட முக்கியம், எத்தனை முறை என்பது. ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் சில நிமிடத்தில் படலத்தின் பி.எச். இறங்கி, மீண்டும் ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. சாப்பாட்டோடு சேர்த்து ஒரு ஜாங்கிரி சாப்பிடுவதைவிட, டியூஷனில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாக பிஸ்கட் கொறிப்பது கெடுதல். சர்க்கரை போட்ட டீயை நாளுக்கு ஐந்து முறை குடிக்கும் அலுவலகக்காரர்களுக்கும் இதே கணக்குதான்.

படுக்கும் முன் சர்க்கரையோ சத்துமாவோ கலந்த பால் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். தூங்கும்போது எச்சில் மிகவும் குறைந்துவிடும். அமிலத்தைத் தணிக்க ஆளில்லை. பால் கொடுங்கள், பிறகு துலக்கிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

பிரஷ் எப்படிப் பிடிப்பது?

பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, இரண்டையும் தனித்தனி வேலையாக நினைத்துச் செய்யுங்கள். ஈறுப் பக்கம் 45 பாகை சாய்த்து சின்ன அசைவுகள். கம்பிக்கு அடியில் குட்டி இடைப்பல் பிரஷை நுழைத்து எடுங்கள். படலத்துக்குச் சாயம் ஏற்றும் மாத்திரையை வாரம் ஒரு முறை மென்று பார்த்தால், எந்த இடத்தை விடுகிறோம் என்று கண்ணாடியே காட்டிவிடும்.

கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் தெளிவான உறையான அலைனர் போட்டால் இந்தத் தொல்லை இல்லையா?

குறைவு, கழற்றித் துலக்கலாம் என்பதால். ஆனால் அலைனரை மாட்டிக்கொண்டே இனிப்புப் பானம் குடித்தால் அந்தச் சர்க்கரை எச்சில் புகாத பையில் மாட்டியதுபோல் பல்லோடு தங்கும். அலைனர் இருக்கும்போது தண்ணீர் மட்டும்.

நான் இப்போதுதான் பயிற்சிக்கு வந்திருக்கும் பல் மருத்துவர். கூட்டம் நிறைய. எதை விட்டுவிடக் கூடாது?

கம்பியை வெளியே எடுத்ததும் மேல்வரிசைப் பக்க முன்பற்கள், கோரைப்பற்கள் ஆகிய நான்கையும் துடைத்து, ஐந்து வினாடி உலர்த்தி, ஈறுப் பக்கத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.  குறியீட்டை அட்டையில் எழுதிவையுங்கள். எழுதாத பார்வை அடுத்த முறை வேறொருவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது உதவாது. ஈறில் இரத்தம் வந்தால் அதையும் எழுதுங்கள். கண்டதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கண்ணாடியில் காட்டிவிட்டு, அதன் பிறகு அடுத்த கம்பியைக் கட்டுங்கள்.

கம்பி கழற்றிய பிறகு வெள்ளைத் திட்டு தானாக மறையுமா?

சிறியவை மங்கும். படலம் தங்கும் இடம் போய்விட்டதால் எச்சில் தன் வேலையைச் செய்கிறது. முதல் சில மாதங்களில் நல்ல மாற்றம் தெரியும். பெரியவை முழுதும் மறையாது. ஓகார்டின் இன்னொரு ஆய்வில், சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டு கழித்தும் கம்பி போடாதவர்களைவிட இவர்களிடம் திட்டுகள் அதிகம் இருந்தன.

கழற்றிய அன்றே அதிக அடர்த்தி ஃபுளூரைடை முன்பற்களில் பூசினால் மேல்பரப்பு சீக்கிரம் மூடிக்கொண்டு, அடியிலுள்ள வெண்மை அப்படியே தங்கிவிடலாம் என்பது பல மருத்துவர்களின் கருத்து. அதனால் முன்பற்களில் சாதாரணப் பற்பசையோடு சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். பால் புரதத்திலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட் பசையும் தரப்படுவதுண்டு. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது.

அதற்கும் போகவில்லை என்றால்?

ரெசின் ஊடுருவல் என்று ஒரு முறை இருக்கிறது. பெர்லினிலும் கீலிலும் உள்ள ஜெர்மன் ஆய்வாளர்கள் உருவாக்கியது, 2009இல் ஐகான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 15 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மேலடுக்கைத் திறந்து, உலர்த்தி, தண்ணீர்போல் ஓடும் ரெசின் என்ற பிசினை நுண்துளைகளுக்குள் இறக்கி ஒளியால் இறுகவைப்பார்கள். அந்த ரெசினின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, எனாமலுக்குப் பக்கம். காற்றோ எச்சிலோ இருந்த துளையில் அது நிறைந்ததும் ஒளி சிதறுவது குறைந்து, திட்டு சுற்றியுள்ள பல்லோடு கலந்துவிடுகிறது. துளையிட வேண்டாம், ஊசி வேண்டாம். குழி விழுந்த இடத்தில் இது வேலை செய்யாது. மேற்பரப்பை மிக மெலிதாகத் தேய்த்தெடுக்கும் முறையும் உண்டு. மேலோட்டமான, பழுப்பேறிய திட்டுக்கு அது பொருத்தம்.

பிராக்கெட்டைப் பெயர்க்கும்போது எனாமல் உடையுமா?

உலோகப் பிராக்கெட்டில் அரிது. செராமிக்கில் சற்றுக் கவனம் வேண்டும். பாதிப்படைந்து நுண்துளையான எனாமலுக்கு வலு குறைவு என்பதால், திட்டு உள்ள பற்களில் மெதுவாக எடுக்கச் சொல்லலாம். மிச்சப் பசையை முழுதும் நீக்கிவிட்டார்களா என்று உலர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள்; விட்டுப்போன பசை பிற்பாடு மஞ்சளிக்கும்.

"இப்படியே போனால் கம்பியைப் பாதியில் கழற்ற வேண்டிவரும்" என்று மருத்துவர் சொல்கிறார். மிரட்டுகிறாரா?

மிரட்டல் இல்லை. திட்டுகள் கூடிக்கொண்டே போகின்றன, துலக்குவது சீராகவில்லை, ஒன்றிரண்டு இடத்தில் மேற்பரப்பு உடையத் தொடங்கிவிட்டது என்றால், வளைந்த நல்ல பல்லே நேரான சொத்தைப் பல்லைவிட மேல். முதலில் கம்பியை மட்டும் எடுத்துவிட்டு, பிராக்கெட்டை விட்டுவைத்து, இரண்டு மாதம் துலக்குவதற்கு இடைவெளி கொடுப்பவர்கள் உண்டு. ஈறு ஆறி, உலர்த்திப் பார்த்ததில் திட்டு வழவழப்பானால் மறுபடி தொடரலாம். ஆகவில்லை என்றால், இதுவரை கிடைத்த வரிசையோடு நிறுத்தி, பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரீடெய்னர் மாட்டி, ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பிள்ளை தானே கேட்டு வரும்போது மீண்டும் தொடங்கலாம். முதல் முறை எடுத்த ஃபோட்டோக்களையும் குறியீடு எழுதிய அட்டையின் நகலையும் வாங்கி வைத்திருங்கள். வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் தொடங்கினாலும் அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.